இனிப்பு நீரும் தொழிலாளர் வீட்டுச் சாப்பாடும்

(ஈப்போவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கிராணிமார் குடும்பங்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட டிரஸ்ஸர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் பெரும்பாலும் கூடுகிறோம். இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "சோறு தின்னக் கற்றுக் கொடுக்க ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதலாளிக்குப் பணம் மூலதனம். நமக்கோ இந்த உடம்பு ஒன்றுதான் மூலதனம். அந்த உடம்பை இனிப்பு நீர் வியாதி சத்தமில்லாமல் அரித்துக் கொண்டிருக்கிறது.

2019-ஆம் ஆண்டில் அரசாங்கம் நாடு முழுவதும் நடத்திய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் 100-க்கு 18 பேருக்கு இந்த வியாதி இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் தனியே கணக்கிட்டால் 100-க்கு 31 பேர்! மூன்று இனங்களிலும் நாமே முன்னணியில் நிற்கிறோம். வியாதி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்றும் அந்த ஆய்வு கண்டது. இந்தப் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அவர்களில் மூன்று பேரைத் தொடுகிற விஷயம் இது. ஆகையால் சிரிக்க நேரமில்லை.

ஒரு காலை நடந்த சம்பவம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பதரை மணி இருக்கும். நடுத்தர வயதுள்ள பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் நிரையின் நடுவே மரத்தடியில் உட்கார்ந்து விட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். கங்காணி வந்து பார்த்தார். "ராத்திரி போட்ட தண்ணி இன்னும் இறங்கவில்லை, வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரின் மனைவி பக்கத்து நிரையில் பால் வெட்டிக் கொண்டிருந்தவர். அவர்தான் ஓடி வந்து என்னை அழைத்தார். இரத்தத்தைச் சோதித்தேன். சர்க்கரை 2.6 இருந்தது. 4-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. சீனித் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தம் பெயரைச் சொன்னார்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. "இனிப்பு நீர்க்காரன் சோறு தின்னக் கூடாது" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி, விடியற்காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, சீனி போடாத வரத் தேநீர் மட்டும் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு மலைக்காட்டில் ஏறியிருக்கிறார். கையில் கூரான பால்வெட்டுக் கத்தி! அன்று அவர் குடித்திருக்கவில்லை, பட்டினி கிடந்திருக்கிறார். அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? இந்த வியாதிக்கு அளவுக்கு மிஞ்சித் தின்பதும் கெடுதல். பயந்து பட்டினி கிடப்பதும் கெடுதல். எதை, எவ்வளவு, எந்த வேளையில் என்ற மூன்றையும் அறிந்து சாப்பிடுவதே வழி. அதற்காக வீட்டில் தனி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைக்கலாம். இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

நம் தாத்தா காலத்து அரிசி

அரிசியைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் 'பெரிபெரி' என்ற வியாதி ஆயிரக் கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கி, மரத்துப் போய், கடைசியில் இருதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1907-இல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பரீட்சித்தார்கள். வியாதி வெள்ளை அரிசியோடுதான் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் நம்மவர்களைக் காப்பாற்றியது.

நம் பாட்டன் பூட்டன் சாப்பாட்டில் நல்லது இருந்தது என்பதற்கு இதைச் சொன்னேன். ஆனால் அவர்கள் நிலைமை வேறு. விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமுமாக நடந்து, 500 மரம் வெட்டி, மறுபடியும் அதே 500 மரத்துக்கும் நடந்து பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வந்தவர்கள் அவர்கள். தின்ற சோறெல்லாம் வியர்வையாக ஓடிவிட்டது. இன்றோ ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட்டிலும் புந்தோங்கிலும் குடியேறிய நம் மக்களில் பலர் கார்டு வேலையிலும் லாரியிலும் தொழிற்சாலையிலும் உட்கார்ந்தோ நின்றோ பொழுதைக் கழிக்கிறார்கள். உழைப்பு மாறிவிட்டது. தட்டு மட்டும் மாறவில்லை. அதே குவியல் சோறு. அதற்கு மேல் புதிதாகச் சேர்ந்த இனிப்பு!

தட்டை எப்படிப் பிரிப்பது?

நாம் தின்கிற சோறு, ரொட்டி, கிழங்கு யாவும் வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளே விடுகிற சாவிதான் இன்சுலின். வியாதி உள்ளவருக்குச் சாவி போதவில்லை. அல்லது பூட்டு துருப்பிடித்திருக்கிறது. வயிற்றில் கொழுப்புச் சேரச் சேரத் துரு அதிகமாகும். நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேலே போனால் எச்சரிக்கை.

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு முறையைப் பிரசாரம் செய்து வருகிறது. கால், கால், அரை என்று பொருள். தட்டை மனத்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி முழுவதும் காய்கறியும் பழமும். வியாதி உள்ளவர் அந்தப் பாதியில் காய்கறியையே அதிகமாக வைத்துக் கொள்ள வேண்டும். மறு பாதியில் சரிபாதி, அதாவது கால் தட்டு, சோறு. மீதிக் கால் தட்டு மீன், முட்டை, கோழி, பருப்பு, தவ்வு போன்றவை.

கால் தட்டுச் சோறு என்றால் ஏறக்குறைய உங்கள் மூடிய கையளவு. அதில் 45 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். காட்டில் உழைக்கிறவர் சற்றுக் கூடுதலாகவும், நாற்காலியில் இருக்கிறவர் அதற்குள்ளும் நிறுத்திக் கொள்ள வேண்டும். அவரவர் அளவைக் கிளினிக்கில் டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டு நிச்சயித்துக் கொள்ளுங்கள்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை ஆகியவை காய்கறிக் கணக்கில் சேரா; சோற்றுக் கணக்கில்தான் சேரும். சோற்றுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தால் சோற்றுக்குச் சோறே தொட்டுக் கொண்டதாகும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி நம் உயிரைக் காத்தது உண்மை. அன்று அதைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்றோம், சோற்றோடு சேர்த்துத் தின்னவில்லை.

காய்கறிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கங்கோங், முருங்கைக்கீரை, பயத்தங்காய், வெண்டி, கத்தரி, பாகல், பீர்க்கு இவை வீட்டோரத்தில் வளர்ப்பவை. பருப்பைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றாமல் கெட்டியாக வையுங்கள். கெம்போங் மீன், நெத்திலி, முட்டை, தெம்பே ஆகியவை மலிவான புரதங்கள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சர்க்கரையை அதிகமாக ஏற்றா. ஆனால் உப்பு மிகுதி. இனிப்பு நீரோடு இரத்த அழுத்தமும் சேர்ந்தால் சிறுநீரகம் சீக்கிரம் கெடும். இந்த நாட்டில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு வந்து சேர்கிறவர்களில் பெரும்பாலோர் இனிப்பு நீர்க்காரர்களே என்பதை மறக்க வேண்டாம்.

டின் பால் செய்கிற வேலை

சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறவர்கள் தேநீர்க் கோப்பையை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சீனி இருக்கிறது. ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நான்கு தேக்கரண்டி சீனி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்றால் பன்னிரண்டு தேக்கரண்டி! சீனிப் போத்தலைத் தொடாமலே இவ்வளவு உள்ளே போய்விட்டது. கடைகளில் இப்போது விற்கும் டின்களில் பல, பால்கூட அல்ல. செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர். 2019-இல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. ஆனால் ஒட்டுக்கடையில் ஆற்றித் தருகிற தேநீருக்கு வரியும் இல்லை, வரம்பும் இல்லை.

ஆகையால் கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள். உடனே முடியாதவர்கள் 'கூராங் மானிஸ்' என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் குறையுங்கள். நாக்கு ஒரு மாதத்தில் பழகிக் கொள்ளும். வீட்டில் சீனியில்லாப் பால் மாவு ஒரு கரண்டி போதும். கூலா மெலாக்கா, கருப்பட்டி, தேன் எல்லாம் சர்க்கரைக்குச் சொந்தக்காரர்களே. நிறம் கறுப்பானதால் குணம் மாறிவிடாது.

பால்வெட்டுகிறவரின் வேளைகள்

வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே நம் நாள் விடியுமுன் தொடங்குகிறது. கிளினிக்கில் தருகிற 'காலை, பகல், இரவு' என்ற அட்டவணை நமக்கு அப்படியே பொருந்தாது. நான் சொல்லும் முறை இது.

புறப்படுமுன்: இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, கெட்டிச் சாம்பாரோடு, அல்லது ஒரு சப்பாத்தியும் முட்டையும். சீனியில்லாத தேநீர். இன்சுலினோ, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஆகாரமில்லாமல் அதை எடுத்துவிட்டு வாசற்படி தாண்டக் கூடாது.

ஒன்பது மணியளவில், வெட்டி முடித்துப் பால் சேரும் இடைவேளையில்: கட்டிக் கொண்டுபோன அவித்த கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு ஒரு கிண்ணம், அல்லது ஒரு சப்பாத்தி. தண்ணீர் நிறைய.

பால் நிறுத்து முடித்த பின், பகலில்: நான் முன்பு சொன்ன கால், கால், அரைத் தட்டு. திங்களன்று மீன் குழம்பும் கங்கோங்கும் என்றால், செவ்வாயன்று கெட்டிப் பருப்பும் முருங்கைக்கீரையும் முட்டையும். புதனன்று தவ்வுப் பிரட்டலும் பயத்தங்காயும். ஞாயிறன்று தோல் நீக்கிய கோழிக் குழம்பும் வெள்ளரிக்காயும். குழம்புக்குத் தேங்காய்ப்பாலை நீர்க்கச் சேர்த்தால் போதும்.

மாலையில்: தேநீரும் ஒரு பிடி வேர்க்கடலையும். புந்தோங்கில் நம்மவர்கள் செய்கிற கச்சாங் பூத்தே பேர் போனது. அதிலும் எண்ணெயில் பொரித்த முறுக்கு வகைகளைத் தள்ளி, வறுத்த கடலையைத் தேர்ந்தெடுங்கள்.

இரவில்: சோற்றைப் பகலைவிடக் குறைத்து, அல்லது இரண்டு சப்பாத்தியோடு, காய்கறி அதிகமாக. உண்டவுடன் படுக்காமல் லயத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை இறங்கும்.

காட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் சட்டைப் பையில் சிறு பொட்டலம் சீனி வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, தலைச் சுற்றல் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்தும் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்த பின் ஏதாவது உண்ணுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சம்சுவும் கள்ளும் வெறும் வயிற்றில் இந்த மயக்கத்தை வரவழைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

ஆபீசில் இருக்கும் நண்பர்களே, நீங்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் நிலைமை இன்னும் மோசம். காலையில் நாசி லெமாக் பொட்டலம், பத்து மணிக்குக் கறிப்பாப்பும் தே தாரிக்கும், மத்தியானம் முழுத் தட்டுச் சோறு, மாலையில் ரொட்டி சானாய். நடையோ மேசையிலிருந்து அலமாரி வரை! உங்களுக்கு இடைப் பலகாரமே தேவையில்லை. மூன்று வேளை போதும். மாத்திரை, ஊசி காரணமாக டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அது வேறு. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக் கொண்டு போங்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

காதில் விழும் கதைகள்

கேழ்வரகும் கோதுமையும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது தவறு. அவையும் மாவுதான். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். புழுங்கல் அரிசி சற்று மெதுவாகச் சர்க்கரையாகும். அதற்காக இரு மடங்கு தின்ன உரிமை இல்லை. பாகற்காய் நல்ல காய். ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது. பழம் கூடவே கூடாது என்பதும் பொய். பீடோர் கொய்யா, தம்பூன் பம்ப்ளிமாஸ், பப்பாளி இவற்றைச் சாறாகப் பிழியாமல், ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி அளவு தின்னலாம். டுரியான் காலத்தில் ஓரிரு சுளையோடு நிறுத்தி, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக் கொள்ளுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

தீபாவளியன்று ஒரு துண்டுப் பலகாரம் தின்றதால் உயிர் போய்விடாது. தீபாவளியை ஒரு மாதம் கொண்டாடினால்தான் தொல்லை. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோயிலில் காவடி எடுக்க விரதம் இருப்பவர்கள், விரதம் தொடங்குமுன் டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவைக் கேட்டுக் கொள்ளுங்கள். முருகன் உங்களைப் பட்டினியில் மயங்கி விழச் சொல்லவில்லை.

வீட்டிலும் சங்கத்திலும் செய்ய வேண்டியது

வியாதி உள்ளவருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாத தனிச் சாப்பாடு வைக்கிறோம். அவர் பத்து நாள் பொறுத்து, பதினோராம் நாள் ஒட்டுக்கடைக்குப் போய்விடுகிறார். அவர்மேல் கோபப்படுவதில் பயனில்லை. கால், கால், அரைத் தட்டு பிள்ளைகளுக்கும் நல்லது, பெரியவர்களுக்கும் நல்லது. ஒரே சட்டியில் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலும், வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மீந்த சோற்றையும் அடிக் குழம்பையும் தின்று வேளையை முடிக்கிறவர் வீட்டம்மாள். காயும் மீனும் அவர் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. அவருக்கும் இந்த வியாதி வருகிறது. முதலில் அவர் தட்டைப் பாருங்கள்.

சங்கத்தின் வேலையும் உண்டு. நிறைக்குக் கூலி வாங்குகிறவர் உட்கார்ந்து உண்டால் பால் குறையுமே என்று பயந்து வேளை தப்புகிறார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது. அந்த அரை மணி நமக்குக் கிடைத்த சலுகை அல்ல, உரிமை. அதில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதே சட்டம் சம்பளத்தோடு நோய் விடுமுறையும் தருகிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். "ஒரு நாள் கூலி போய்விடும்" என்று சோதனையைத் தள்ளிப் போட்டு, பிறகு கால் விரலைப் பறிகொடுத்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிளைத் தலைவர்கள் தங்கள் பிரிவில் யார் யாருக்கு ஊசி, மாத்திரை என்று தெரிந்து வைத்திருங்கள். ஒருவர் நிரையில் மயங்கினால், குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுமுன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும் என்று கங்காணிமாருக்கும் சொல்லி வையுங்கள்.

வெறும் வயிற்றில் 7-க்கு மேல் சர்க்கரை காட்டினால் வியாதி என்று பொருள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் உண்டு. பெரும்பாலோருக்கு அது 7 சதவிகிதத்துக்குக் கீழே இருப்பது நலம். முப்பது வயது தாண்டியவர்கள் யாவரும் இந்த மாதமே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

1921-இல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன், இந்த வியாதி வந்த பிள்ளைகள் பட்டினியால் எலும்பும் தோலுமாகி இறந்தார்கள். இன்று மருந்து இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. தட்டில் எதை எவ்வளவு வைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அன்று மரத்தடியில் மயங்கி விழுந்தவர் பிறகு பல ஆண்டுகள் பால் வெட்டினார். ஒவ்வொரு காலையும் அவர் மனைவி இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, அவர் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். அதற்குப் பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுப்பார்.

நாளைக் காலையிலிருந்து உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.